தூங்கம்மா எழும் நாள்

காரைவலசில் பிறந்தவர்களுக்குச் சத்தம் கேட்டால் விழிப்பு வராது, சத்தம் நின்றால்தான் வரும். ஊரைச் சுற்றி நாலா பக்கமும் விசைத்தறிக் குடோன்கள், குடோனுக்குள் வரிசை வரிசையாகத் தறிகள், ஒவ்வொரு தறியிலும் ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டுப் பறக்கிற டடக் டடக் சத்தம், அது ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஊர்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திச் சம்பந்தம் பேசி முடிப்பார்கள், இழவு வீட்டில் அழுகிறவர்களும் அதைத் தாண்டித் தொண்டையை உயர்த்தித்தான் அழ வேண்டும். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள் முதல் மாதம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அழுவாள், அடுத்த ஆடிக்குத் தாய்வீடு போனால் சத்தமில்லாத வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை என்று விடிந்ததும் பஸ் ஏறித் திரும்பிவிடுவாள். தறிக்காரர்கள் கண்ணை மூடினாலும் காதை மூடமாட்டார்கள், நூல் அறுந்து ஒரு தறி நின்றுவிட்டால் போதும், அந்தச் சத்தக் குறைவு காதில் பட்டதும் கண் தானாகத் திறந்துகொள்ளும்.

ஆள் கிடைக்காத காலம் அது. பகல் ஷிப்டு முடித்தவனே ராத்திரி ஷிப்டுக்கும் நின்றான், ராத்திரி நின்றவனே பகலுக்கும் நின்றான். தூக்கம் வந்து பக்கத்தில் நிற்கும், டீயைக் குடித்து அதை விரட்டுவார்கள், முகத்தில் தண்ணீர் அடித்து விரட்டுவார்கள், புகையிலையை அதக்கிக்கொண்டு விரட்டுவார்கள், கண் இமையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கண்ணீர் வழிய வழியத் தறி ஓட்டுவார்கள். அதுவும் எவ்வளவு நாளைக்குத்தான் வந்து வந்து திரும்பிப் போகும், அதற்கும் ரோஷம் இருக்காதா.

முதலில் நாச்சிமுத்துவின் தூக்கம்தான் அவனை விட்டு வெளியே வந்து படுத்தது. நட்ட நடு மத்தியானத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், புளிய மரத்தடியில், அதே கட்டம் போட்ட லுங்கியும் அதே கிழிந்த பனியனுமாக நாச்சிமுத்து ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், அதே நேரத்தில் குடோனில் நாச்சிமுத்து தறி ஓட்டிக்கொண்டும் இருந்தான். யாரோ போய், "ஏப்பா, நீயி தொட்டிக்கிட்ட படுத்துக் கெடக்கறே, ஆடு மாடு மிதிச்சுப் போடப்போவுது" என்று சொன்னார்கள். அவன் வந்து பார்த்தான், கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான், "அட, நாந்தானுங்க" என்றான். பிறகு காலைப் பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டு, தலைமாட்டைத் தான் தூக்கிக்கொண்டு, வீட்டில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு ஓட்டமாகத் தறிக்குத் திரும்பிவிட்டான்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஊரில் யாராவது ஒருவர் எங்காவது படுத்துக் கிடந்தார்கள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில், ரேஷன் கடைத் திண்டில், கோயில் வேப்ப மரத்தடியில். சாயத் தண்ணீரால் வந்த கோளாறு என்று சிலர் சொன்னார்கள், மாரியம்மனுக்குப் பொங்கல் தள்ளிப்போனதால் வந்தது என்று சிலர் சொன்னார்கள், எப்படியோ தறி ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. படுத்தவர்களுக்குத் தூங்கி என்று பேர் வைத்தார்கள். தூங்கிகளுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஈ மொய்க்காமல் ஒரு வலையும் தலைக்கு ஒரு தலையணையும் இருந்தால் போதும். யாரும் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் அவர்களைச் சுற்றி நொண்டி விளையாடினார்கள், ரேஷன் கடைக்காரர் மட்டும் கார்டில் ஒரு ஆள் கூட்டித் தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

தங்கள் தூங்கி வெளியே வந்துவிட்டவர்களுக்கு அப்புறம் தூக்கமே வருவதில்லை. முதலாளி பெரியதம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரிலேயே பெரிய குடோன் அவருடையது. தூங்கி வந்தவன் வீட்டுக்கு அவர் கையாலேயே ஒரு மூங்கில் பாய் வாங்கிக் கொடுத்தார்.

துளசிமணியின் புருஷன் மயில்சாமிக்குத் தூங்கி வருகிற யோகம் இல்லை. அவன் தூக்கம் வெளியே வரக் காத்திருக்காமல், ஷிப்டு விட்டு வண்டியில் வரும்போதே அவனுக்குள்ளேயே வந்துவிட்டது. பாலத்துச் சுவரில் மோதி, இடது கால் இரண்டு இடத்தில் உடைந்து, மாவுக்கட்டோடு அவன் வீட்டில் கிடக்க, அவன் தறிகளையும் சேர்த்துத் துளசிமணி ஓட்டினாள். காலையில் வீட்டுக்கு வந்து சோறாக்கி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் கனிஷ்காவுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மயில்சாமிக்கு உடம்பு துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மறுபடி குடோனுக்கு ஓடுவாள். ஒரு நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கண் சொருகியது. ஐயோ, தறிக்கு நேரமாச்சே என்று தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் வந்தாள். "ஏம்மிணி துளசி, கொடத்தையும் உட்டுப்போட்டு உன்னையும் உட்டுப்போட்டுப் போயிட்டியே, ரெண்டையும் ஆரு தூக்கிட்டு வருவாங்கன்னு நெனச்சே?"

குழாயடிச் சுவரில் சாய்ந்து, கன்னத்தில் ஈரம் காயாமல், துளசிமணி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிவந்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கனி கட்டிலைப் பார்த்தாள், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள், மறுபடி கட்டிலைப் பார்த்தாள். "இது தூங்கம்மா," என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் அதுதான் பேர்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கண் எரிச்சல் போயிற்று, தலை கனம் போயிற்று, கொட்டாவி என்பதே மறந்துபோயிற்று. தூங்கி வந்தவர்களை யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான், "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறேன்." துளசிமணியும் அதையேதான் சொன்னாள், அதைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தோன்றவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் கடையில் போய் நின்றவளுக்கு உப்பு என்கிற சொல் வரவில்லை. "அதானுங்க, வெள்ளையா இருக்குமே, குழம்புக்குப் போடுவமே" என்று கையை ஆட்டினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு அவளை எரித்தது, வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வர வர எல்லார் முகமும் கோபமாகவே தெரிந்தது, பொன்னாத்தாள் சாப்பிட்டாயா என்று கேட்டால் குத்திக் காட்டுகிறாள் என்று பட்டது, கனி சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. கண் ஓரத்தில் எதுவோ கறுப்பாக ஓடும், திரும்பினால் இருக்காது. குழம்பில் சர்க்கரையைக் கொட்டினாள். லாரி ஹாரன் அடிக்க அடிக்க அதன் எதிரே சாவகாசமாக நடந்து ரோட்டைக் கடந்தாள், டிரைவர் இறங்கி வந்து திட்டியபோது இவன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று நின்று பார்த்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம், கனியின் இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுக் காயமும் அதில் அப்பிய மஞ்சளும் இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரு கண்ணு இப்பிடி அடிச்சது? பள்ளிக்கூடத்துலயா? சொல்லு, நா வந்து கேக்கறேன்."

கனி அப்பாவைப் பார்த்தாள். மயில்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீதான் துளசி. இன்னிக்குக் காத்தால. தோசைக் கரண்டியில."

"நானா? என்ற புள்ளைய நா எதுக்கு அடிக்கறேன்?" என்று துளசிமணி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

காலையைத் தேடிப் பார்த்தாள். அடுப்புப் பற்றவைத்தது ஞாபகம் இருந்தது, ஸ்கூல் பஸ்ஸின் ஹாரன் ஞாபகம் இருந்தது, நடுவில் எதுவும் இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்த பிறகும் தறி சும்மா ஓடினால் துணியில் நெடுக்குப் பாவு நூல் மட்டும் நிற்குமே, அந்த மாதிரி ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் தன் கை வேறு என்னவெல்லாம் செய்திருக்கும், நாளைக்கு என்ன செய்யும் என்று நினைத்ததும் முதல் முறையாகத் துளசிமணிக்குப் பயம் வந்தது. அன்றிலிருந்து கரண்டி, கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றி வைத்தாள், வைத்தது மறந்துபோய் வீடெல்லாம் தேடினாள். கனி அவள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி, தூங்கம்மாவின் கையை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு, அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் நாச்சிமுத்துவின் தூங்கி எழுந்தது. அவன் வீடு ஊருக்கு வெளியே ஒதுங்கி இருந்தது, அங்கே கேட்பது ஒரே ஒரு குடோனின் சத்தம்தான். குடோன்காரர் வீட்டில் ஒரு சாவு என்று தறிகளை நிறுத்தினார்கள். சத்தம் நின்றது, தறிக்காரனின் தூக்கம் ஆயிற்றே, கண்ணைத் திறந்தது. எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, முகம் கழுவிக்கொண்டு, பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொண்டு சிரித்தது. எவ்வளவோ நாளாகச் சிடுசிடுத்த மூஞ்சியையே பார்த்திருந்த பெண்டாட்டி அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மத்தியானம் ஷிப்டு விட்டு வந்த நாச்சிமுத்து வாசலில் நின்றான். உள்ளே அவன் தட்டில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஆருங்க, என்ன வேணும்?"

நாச்சிமுத்துவும் யோசித்துப் பார்த்தான், என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி மெயின் ரோட்டைப் பிடித்து நடந்தான். வெயில் தாழ்வதற்குள் கண்ணுக்கு மறைந்துபோனான், அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாள் வாய்விட்டுப் பேசினார்கள், அப்புறம் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தூங்கி கிடக்கும் வீடுகளில் எல்லாம் ஒரு ஆசை முளைவிட்டது. அடிக்கிற புருஷன் போய், பழைய புருஷன் எழுந்து வருவான். எரிந்து விழுகிற மகன் போய், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மகன் வருவான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஆபீஸிலிருந்து அறிவிப்பு வந்தது, பராமரிப்பு வேலைக்காக வருகிற புதன்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்துப்பட்டு முழுக்க மின்சாரம் இருக்காது என்று.

பெரியதம்பி ஜெனரேட்டருக்கு டீசல் சொல்லப் போனார். பெண்களும் கிழவர்களுமாகக் கூட்டமாகப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். பொன்னாத்தாள்தான் பேசினாள், அவள் மகன் வேலுச்சாமியின் தூங்கியும் அவள் வீட்டில் கிடந்தது. "ஒரே ஒரு நாளு நிக்கட்டுமுங்க மொதலாளி. எங்கூட்டு மனுசங்க எங்களுக்கு வேணும்."

"எந்திரிச்சு வர்றவங்க ராத்திரி ஷிப்டு நிப்பாங்களா?"

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாமுங்க."

பெரியதம்பியின் மூத்த மகனும் தூங்கி வந்தவன்தான். அவர் உள்ளே போய் டீசல் வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டார்.

ஊர் பண்டிகைக்குத் தயாராவதுபோல் தயாரானது. தூங்கிகளுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்துப் புதுத்துணி உடுத்தினார்கள், வாசலுக்குச் சாணி தெளித்தார்கள், பாயசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்தார்கள். தூங்காதவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார்கள். பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. வேலுச்சாமி, தன் தூங்கிக்கு எடுத்த சட்டையைத் தடவிப் பார்த்து, "ஆருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டான். பொன்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

துளசிமணிக்குப் புரிந்தது. எல்லாம் நழுவிப்போன தலையில் அது மட்டும் நழுவாமல் நின்றது. மயில்சாமி தடியை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். அவன் கட்டிலருகே உட்கார்ந்து தூங்கம்மாவின் முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, இவ எந்திரிச்சா நா எங்க போறது?"

அவன் சீப்பை நிறுத்தினான். "எனக்குத் தெரியல புள்ள."

"இங்கயே ஒரு ஓரமா இருந்துக்கறனே. சோத்துக்குக்கூட வரமாட்டேன்."

"துளசி..." அவன் சீப்பைக் கீழே வைத்தான். "உன்னையக் கண்டா எனக்குப் பயமா இருக்குது துளசி. கனியையும் வெச்சுட்டு, ஓடறதுக்குக் காலும் இல்லாம, ஒவ்வொரு நாளும் நீ கதவத் தொறக்கறப்ப எப்பிடி இருக்குதுன்னு உனக்குத் தெரியாது."

அவள் கோபப்படவில்லை, கோபம்கூட வர மறந்துவிட்டது. அவன் சொன்னது நியாயம் என்று பட்டது. அவளுக்கே அவளைக் கண்டால் பயமாகத்தானே இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மயில்சாமி ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் பிரிக்கப் போயிருந்த நேரத்தில், துளசிமணி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். தூங்கம்மா புது மஞ்சள் சேலையில் படுத்திருந்தாள், கனி வைத்துவிட்ட கனகாம்பரம் தலையில் இருந்தது, உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. இவள் இல்லாவிட்டால் நான் போக வேண்டியதில்லை. இந்த எண்ணம் எங்கிருந்தோ வந்தது, வந்ததும் இதைவிட எளிதான காரியம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. தூங்காதவர்களுக்கு எல்லாமே அப்படி எளிதாகத் தோன்றும், அதுதான் பயங்கரம். துளசிமணி தன் உள்ளங்கையைத் தூங்கம்மாவின் மூக்கின் மேலும் வாயின் மேலும் வைத்து அழுத்தினாள்.

அவளுக்கே மூச்சு நின்றது. நெஞ்சு எகிறியது, காதில் குப்பென்று அடைத்தது, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழிய இழுத்தாள், காற்று வரவில்லை. கையை எடுத்தாள், இரண்டு மூக்கிலும் ஒரே சமயத்தில் மூச்சு ஓடி வந்தது. தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, வாசற்படியில் புத்தகப் பையோடு கனி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். துளசிமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மகளின் பேர் வரவில்லை.

பிள்ளை ஓடவில்லை. அழவும் இல்லை. அம்மாவின் மார்பும் கட்டிலில் கிடந்தவளின் மார்பும் ஒன்றாக ஏறுவதையும் ஒன்றாக இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

புதன்கிழமை காலை துளசிமணி குடோனுக்குப் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அடுப்படி மூலையில் நின்றிருந்தாள். மாற்றுச் சேலை ஒன்றை மஞ்சப்பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள், அதை யார் எடுத்து வைத்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை. மயில்சாமி கட்டிலின் தலைமாட்டில் தடியோடு உட்கார்ந்திருந்தான், அவள் பக்கம் பார்க்காமலே இருந்தான்.

கரண்ட் நின்றது. முதலில் கிழக்குக் குடோன்கள் அடங்கின, பிறகு மேற்கே, பிறகு பெரியதம்பியின் குடோன் பெருமூச்சு விட்டு அடங்கியது, கடைசியாக எங்கோ ஒரு ஒற்றைத் தறி நாலு அடி அடித்துவிட்டு நின்றது. காரைவலசின் மேல் அதுவரை கேட்டறியாத மௌனம் இறங்கியது. காக்கை கரைவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, பக்கத்து வீட்டில் பாயசம் கொதிக்கிறது கேட்டது. பிறகு வீட்டுக்கு வீடு சத்தம் எழுந்தது, "சாமி, எந்திரிச்சுட்டான்!" என்று, "அம்மோவ், கண்ணத் தொறந்துட்டாங்க!" என்று, ஒரு வீட்டில் குலவைகூட இட்டார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு வாசலிலிருந்தும் தூங்காத ஒரு ஆள் இறங்கினான். யாரும் அவர்களைத் தள்ளவில்லை, போ என்று சொல்லவுமில்லை, அவர்களைப் பார்ப்பதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை. வேலுச்சாமி தன் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்று, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெறுங்காலோடு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தான்.

தூங்கம்மாவின் இமை துடித்தது. துளசிமணியின் கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது.

டடக் டடக் டடக்.

கனி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்துப் போட்டு, அம்மிக் குழவியின் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாற்பதாம் நாள் குடோனில் தறிகளுக்கு நடுவே தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை. நாடா எங்கே போய் எங்கே திரும்பும் என்று அவள் கைக்குத் தெரியும். தூங்கம்மாவின் இமை அடங்கியது.

"கனி, நிறுத்து சாமி! அம்மா எந்திரிக்கட்டும்!" என்று மயில்சாமி கத்தினான்.

"மாட்டேன்."

"சொன்னாக் கேளு கண்ணு. அடிக்காத நல்லம்மா வந்துரும்."

"எது எந்திரிச்சாலும் இன்னொண்ணு போயிரும்ப்பா. ரெண்டுக்கும் ஒரே மூச்சுதான், நேத்து நா பாத்தேன்." அவள் அடிப்பதை நிறுத்தாமலே அம்மாவைப் பார்த்தாள். "பையக் கீழ வெய்யும்மா. போயிப் படு."

"எங்க?" என்றாள் துளசிமணி.

"தூங்கம்மாகிட்டத்தான். சித்தே தள்ளிப் படு, எடமிருக்குது."

துளசிமணி மஞ்சப்பையை இறுக்கிக்கொண்டாள். ரோட்டில் நடந்து போவதைவிட இது பயமாக இருந்தது. அவ்வளவு நாளாகத் திறந்தே இருந்த கண்ணை மூடினால் அது திறக்குமா, திறந்தாலும் அதன் வழியாகப் பார்ப்பது யார், அவளா, இவளா. மஞ்சப்பை கையிலிருந்து நழுவியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள், காலை மேலே எடுத்தாள், கனகாம்பரமும் தேங்காயெண்ணெயும் கலந்த தன் வாசனைக்குப் பக்கத்திலேயே தலையை வைத்தாள். உடம்பு உடம்போடு பட்டது, குழாயடிச் சுவரின் ஈரம் இன்னும் அந்தக் கன்னத்தில் இருந்தது. மாரியாத்தா, என்ற புள்ளைக்கு என்னையத் திருப்பிக் குடு என்று வேண்டிக்கொண்டே கண்ணை மூடினாள்.

வெளியே ஊர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தது. கனியின் கை சிவந்தது, அப்புறம் கொப்பளித்தது. கட்டையை இடது கைக்கு மாற்றினாள், அடி பிசகியது, ஒரு அடி தவறியது, இரண்டு தவறியது. கட்டிலில் ஒரு இமை துடித்தது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டே அடித்தாள். அடுத்த அடி விழாமல் கை நின்றுவிட்டபோது, தட்டென்று தரையில் ஒரு சத்தம் விழுந்தது. மயில்சாமி தன் தடியால் தரையை இடித்துக்கொண்டிருந்தான். டடக் டடக் டடக். உடைந்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக் கை இல்லாமல், பிறந்ததிலிருந்து கேட்ட அந்தத் தாளத்தைச் சாயங்காலம் கரண்ட் வந்து உண்மையான தறிகள் ஓடுகிறவரை விடாமல் இடித்தான்.

கரண்ட் வந்தபோது கட்டிலில் ஒருத்திதான் இருந்தாள். எப்போது இரண்டு ஒன்றாயிற்று என்று அப்பனும் மகளும் பார்க்கவில்லை. தூங்கம்மாவின் மஞ்சள் சேலையில் துளசிமணியின் பழைய சேலையின் கிழிசல் இருந்தது, அதை வைத்து அவளா இவளா என்று எதுவும் சொல்ல முடியவில்லை. தறிச் சத்தத்தில் அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். மறுநாளும் தூங்கினாள், அதற்கடுத்த நாளும் தூங்கினாள். மயில்சாமி அவளைத் தொடவே பயந்தான். ஊரில் எழுந்து வந்தவர்களை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், பழைய கதைகளைச் சொன்னார்கள், ஆனால் அடித்ததையோ வைததையோ எடுத்துச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பொன்னாத்தாள் முதுகிலிருந்த தழும்பை எழுந்து வந்த வேலுச்சாமி தொட்டுப் பார்த்து, "இது எப்பிடிம்மா வந்துச்சு?" என்று அன்பாகக் கேட்டான். அடித்தவன் ரோட்டில் போய்விட்டான், மன்னிப்பதற்குக்கூட அவளுக்கு ஆள் இல்லை. பாயசப் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துக்கொண்டு, தினமும் அவள் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு மத்தியானம், ஆள் பற்றாமல் பெரியதம்பி தறிகளை நிறுத்தினார். மற்ற குடோன்களும் அதே ஆள் பற்றாக்குறையில் ஒவ்வொன்றாக நின்றன. ஊர் அடங்கியது. துளசிமணி கண்ணைத் திறந்தாள்.

கனி எட்டத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள், உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. கட்டிலில் இருந்தவள் விட்டத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சிரித்தாள். "கனிஷ்கா," என்றாள், பேர் முழுசாக வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மயில்சாமி தடியை இறுகப் பிடித்துக்கொண்டான். அது நல்லம்மாவின் சிரிப்பேதான், ஊரில் எழுந்து வந்தவர்களின் ஒன்றும் தெரியாத சிரிப்பு.

பிறகு அவள் பார்வை பிள்ளையின் புருவத்துக்கு மேலே போய் நின்றது. சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். தோசைக் கரண்டியின் கனம் அதில் வந்து உட்கார்ந்தது, அதன் சூடு வந்தது, பின்னும்போது தலையை ஆட்டாதே ஆட்டாதே என்று தான் கத்திய குரல் வந்தது, கரண்டியின் விளிம்பு எலும்பில் பட்ட சத்தம் வந்தது, அம்மா என்று பிள்ளை அடித்த அவளிடமிருந்து கட்டிலில் கிடந்த அவளிடமே ஓடி வந்ததும் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, நா அடிச்சேன்," என்று துளசிமணி அலறினாள். "நாந்தான் அடிச்சேன். என்ற கையாலயே அடிச்சுப்போட்டனே சாமி." கட்டிலிலிருந்து இறங்க முயன்று, கால் நிற்காமல் தரையில் விழுந்து, அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கனி சுவரை விட்டு வந்தாள். துணி சுற்றிய கையால் அம்மாவின் முகத்தை நிமிர்த்தி, குழாயடி ஈரம் காய்ந்து, புதிதாகக் கண்ணீரில் நனைந்திருந்த கன்னத்தைப் பார்த்தாள், பிறகு திரும்பி அப்பாவிடம் சொன்னாள்.

"பயப்படாதப்பா. ரெண்டு பேருமே வந்துட்டாங்க."